என் கணவரின் முகத்தோடு நடந்த தேர்தல்

1

ஜனவரி பிறந்ததும் ஜேர்மனியில் விற்பனை வரி கூடிவிட்டது. சவர்க்காரத்துக்கு, சப்பாத்துக்கு, சைக்கிள் ரியூப்புக்கு, எல்லாவற்றுக்கும். இது எப்படி வந்ததென்று ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

2005ஆம் ஆண்டுத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகள் மோதின. ஒரு கட்சி, தான் வந்தால் வரியை இரண்டு வீதம் கூட்டுவேன் என்றது. மற்றது, அது ஏழைகளின் வயிற்றில் அடிக்கிற வேலை, நாங்கள் ஒரு வீதமும் கூட்ட மாட்டோம் என்று தெருத்தெருவாகச் சத்தம் போட்டது. சனங்கள் இரண்டுக்கும் பெரும்பான்மை கொடுக்கவில்லை. அதனால் இரண்டும் சேர்ந்து அரசாங்கம் அமைத்தன. இரண்டையும் பூச்சியத்தையும் கூட்டினால் எவ்வளவு? மூன்று. மூன்று வீதம் கூட்டினார்கள்.

கடையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு ஜேர்மன் அம்மா பற்றுச்சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அருகில் நின்ற காசாளரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழுதான பாலைக் குடித்தபின் நாக்கில் நிற்குமே ஒரு ருசி, அதுதான் வந்தது. அந்தத் தேர்தலில் ஒரு கட்சி என் வீட்டுக்காரரின் முகத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் வாக்குக் கேட்டது.

எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. எழுதினால், மற்றது நல்ல கட்சி என்று நினைத்துவிடுவீர்கள்.

2

நாங்கள் கொலோனுக்கும் டுசல்டோர்ஃபுக்கும் நடுவில் ஒரு சிறிய நகரத்தில் இருக்கிறோம். நான் மூதாளர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். என் கணவர் அருள் மன்னாரில் இருக்கும்போதே லேத் மெசின் பழகியவர். இங்கே அகதியாக வந்து, முதலில் கோப்பை கழுவி, பிறகு பம்புகளுக்கு வால்வு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அதே லேத் வேலையில் சேர்ந்தார். முதலாளிமார் நல்ல மனிதர்கள்தான். பிறகு தொழிற்சாலையை வேறு ஆட்கள் வாங்கினார்கள். வாங்கியவர்கள் மெசின்களைக் கழற்றிக் கிழக்கே ஏற்றிக்கொண்டு போனார்கள். அருள் கடைசி நாளில் தன்னுடைய மெசினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் நாட்டில் வேலையில்லாதவர்கள் ஐம்பது இலட்சத்தைத் தாண்டிவிட்டதாகத் தொலைக்காட்சி சொன்னது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் இவ்வளவு மோசமாக இருந்ததில்லை என்று இல்லத்தில் இருந்த கிழவர்கள் சொன்னார்கள். அவர்களில் சிலர் தங்கள் சின்ன வயதில், வேலையில்லாச் சனங்கள் தேர்தலில் யாரை மேலே ஏற்றிவிட்டார்கள், அதற்குப் பிறகு என்ன யுத்தம் வந்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள். "பசியோடு இருக்கிறவனிடம் வாக்குக் கேட்பவனை நம்பாதே" என்று ஒரு கிழவி படுக்கை விரிப்பு மாற்றப் போகும்போதெல்லாம் எனக்குச் சொல்வாள்.

வேலையில்லாதவர்களுக்கென்று புதிய சட்டமும் அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இரண்டு பெரிய கட்சிகளும் கை தூக்கி நிறைவேற்றிய சட்டம். உதவிப் பணம் வேண்டுமானால் மனைவியின் சம்பளம் முதற்கொண்டு எல்லாவற்றையும் காட்டவேண்டும். அலுவலகம் சொல்கிற இடத்தில் போய் நிற்கவேண்டும். மணித்தியாலத்துக்கு ஒரு ஒயிரோ, அதாவது ஒரு யூரோ, மேலதிகமாகக் கொடுத்துத் தெருக்கூட்ட அனுப்பினார்கள். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் இரும்பைத் திருப்பி எறிகிற மனிதரின் கையில் ஒரு தும்புத்தடியைக் கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எனக்கு அப்போது ஜேர்மன் குடியுரிமை கிடைத்திருந்தது. மகள் மெலனிக்கும் கிடைத்து, வாக்களிக்கும் வயதும் வந்திருந்தது. அருளின் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், நடுவில் நின்றுவிட்டது. வேலை இல்லாதவர் தன் சீவியத்தைத் தானே பார்க்க முடியாதவராம். ஆகவே அவருக்கு வாக்கு இல்லை.

வாக்கு என்றால் எனக்கு அப்பாவின் நினைவுதான் வரும். அவர் ஆசிரியர். 1982இல் ஊரில், தேர்தல் வைக்காமலே நாடாளுமன்றத்தின் காலத்தை நீட்டுவதற்காக விளக்குச் சின்னத்துக்கும் குடத்துக்கும் நடந்த வாக்கெடுப்பில் அவரை அலுவலராகப் போட்டார்கள். சாயந்தரம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "போன வருசம் நாங்கள் மண் போட்ட ஆக்கள் எல்லாம் வந்து வாக்குப் போட்டிட்டுப் போயிட்டினம்" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். ஜேர்மன் கடவுச்சீட்டை வாங்கிய அன்று நான் அவரைத்தான் நினைத்தேன். இனிமேல் கள்ளமில்லாத ஒரு தேர்தலில் வாக்குப் போடுவேன் என்று சந்தோசப்பட்டேன்.

3

கோடையில் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு வைத்து, வேண்டுமென்றே தோற்றுப்போய்த் தேர்தலை முற்கூட்டிக் கொண்டுவந்தது. ஊரெல்லாம் பல் தெரிகிற படங்கள் தொங்கின.

மெலனி ஒரு கட்சியின் இளைஞர் அணியில் சேர்ந்திருந்தாள். வீட்டில் அவள் தமிழ் பேசுவது குறைந்துபோயிருந்த காலம். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். ஆனால் கட்சியைப் பற்றிப் பேசும்போது மட்டும் எங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகத் தேடித்தேடித் தமிழில் சொல்வாள். அதனால் நாங்களும் கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒருநாள் வேட்பாளர் எங்கள் நகரத்துச் சந்தை வெளிக்குப் பேச வந்தார். அதற்கு முன்பாக இடத்தைக் கூட்டிச் சுத்தப்படுத்த ஒயிரோ வேலைக்காரர்களை அனுப்பியிருந்தார்கள். அருளும் அங்கே கூட்டிக்கொண்டு நின்றார். வேட்பாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து இறங்கினார். மெலனிதான் அவரிடம் காட்டினாள், "அங்கே நிற்கிறவர் என் அப்பா" என்று.

வேட்பாளர் நேரே போய் அருளின் கையைக் குலுக்கினார். படம் பிடிக்கிறவனும் பின்னாலே போனான். ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார்கள். அருள் மகளைப் பார்த்தார். "பப்பா, ப்ளீஸ். அவர் நல்லவர்" என்றாள். ஒரு கடுதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். "சிரியுங்கள்" என்றான் படக்காரன். அருள் சிரித்தார். அவர் சிரித்தால் நல்ல வடிவு. அதில் அவரைக் குறை சொல்ல ஏலாது.

இரண்டு கிழமைக்குள் எங்கள் தபால் பெட்டியிலேயே அந்தத் துண்டுப்பிரசுரம் விழுந்தது. வேட்பாளர், அருள், நடுவில் தும்புத்தடி. மேலே பெரிய எழுத்தில் 'மீண்டும் வேலையில்!' கீழே சிறிய எழுத்தில், 'அருள் எங்கள் நகரத்தில் மறுபடி வாழ்வைத் தொடங்கிவிட்டார். நானும் உங்களுக்காக உழைப்பேன்.'

அருள் அதை வாசித்தார். மறுபடி வாசித்தார். "ஜெசி, எனக்கு வேலை கிடைச்சிட்டுதாம்" என்றார் என்னிடம்.

மாலையில் செல்வம் அண்ணையின் தொலைபேசி. இவர் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர். "தங்கச்சி, அருள் கலக்கிப்போட்டார்! கட்சிக்காரரோட நிக்கிறார். எங்கட சனத்துக்கே பெருமை. அடுத்த ஒன்றுகூடலுக்கு அந்த மனிசனைக் கூப்பிடுவமே? அருளைக் கொண்டு ஒரு மாலை போடுவிப்பம்."

"அண்ணை, அவருக்கு வேலை கிடைக்கேல்லை" என்றேன்.

"அது ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

4

தெரிந்துதான் போயிற்று, ஆனால் தலைகீழாக. யாரோ ஒருவர் அந்தத் துண்டுப்பிரசுரத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். யார் என்று இன்றுவரை தெரியாது. பக்கத்து வீட்டு ஜேர்மன்காரரோ, எங்களுடைய ஆட்களோ. எங்களுடைய ஆட்களாக இருக்கலாம் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியதே, அதை நினைத்தால் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அறிகிறோம், அதை எங்களுக்கு அறிவிக்கவில்லை, விளக்கம் தரும்வரை உதவிப் பணம் நிறுத்தப்படுகிறது. தெர்மீன், அதாவது நேரில் வரச்சொல்லி ஒரு நாளும், கொடுத்திருந்தார்கள். நானும் கூடப் போனேன்.

அலுவலர் ஓர் இளம் மனிதர். மரியாதைக்குக் குறைவில்லை. அவர் ஜேர்மனில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இதில் மீண்டும் வேலையில் என்று போட்டிருக்கிறதே?"

"நீங்கள்தானே என்னைக் கூட்ட அனுப்பினீர்கள்?" என்றார் அருள்.

"அது வேலை இல்லை, திரு. அருளப்பு. சட்டப்படி அது ஒரு நடவடிக்கை."

"சரி. அப்படியென்றால் எனக்கு வேலை இல்லை."

"அதை நீங்கள் நிரூபிக்கவேண்டும்."

"இல்லாத வேலையை எப்படி நிரூபிக்கிறது?"

அலுவலர் கொஞ்சம் யோசித்தார். "உங்களை வேலைக்கு வைத்திருக்கவில்லை என்று வேலை கொடுத்தவரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

மெலனி அன்றைக்கே கட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். அந்த வசனம் பிழையென்று ஒரு வரி எழுதித் தாருங்கள், அப்பா அதைக் கொண்டுபோய்க் காட்டுவார் என்றாள். அங்கே இருந்த பெண் அது ஓர் அடையாளப் படம் என்றாளாம். இந்த நேரத்தில் எழுத்தில் ஒன்றும் கொடுக்க முடியாது, எதிர்க்கட்சியின் கையில் கிடைத்தால் பத்திரிகையில் போட்டுவிடுவார்கள், தேர்தல் முடிந்தபிறகு பார்ப்போம் என்றாளாம்.

மெலனி வந்து இதைச் சொன்னாள். "தேர்தல் முடியப் பாப்பினம் அம்மா. அவைக்கு இப்ப ஸ்ட்றெஸ்" என்றாள்.

"எங்களுக்கு என்னடி?" என்று கேட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமை. கட்சிகள் சந்தை வெளியில் குடை விரித்து மேசை போட்டு, பலூனும் பேனாவும் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒயிரோ வேலைக்காரர்களையும் அன்று கூட்ட அழைத்திருந்தார்கள், குப்பை அதிகம் விழும் என்பதால். நான் மரக்கறி வாங்கப் போயிருந்தேன். ஆகவே நடந்ததை என் கண்ணால் கண்டேன்.

சனங்கள் துண்டுப்பிரசுரத்தை வாங்குவதும், நாலடி போய்க் கீழே போடுவதுமாக இருந்தார்கள். மழை தூறியிருந்தது. கல்லோடு ஒட்டிக்கிடந்த கடுதாசிகளை அருள் தும்புத்தடியால் சுரண்டிச் சுரண்டிக் கூட்டினார். எல்லாவற்றிலும் அவருடைய முகம். சப்பாத்துத் தடம் விழுந்த முகம், பாதி கிழிந்த முகம், ஒரு நாய் கடித்துத் துப்பிய முகம். அவர் குனிந்து, ஒன்றைப் பிய்த்தெடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு தும்புத்தடியை வண்டியில் சாத்தி வைத்துவிட்டு நடந்தார்.

நான் மரக்கறிப் பையை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். "இஞ்சேருங்கோ, வேண்டாமப்பா!"

கேட்கவில்லை. வேட்பாளரின் குடைக்கு முன்னால் ஒரு கூட்டம் நின்றது. மெலனி கட்சிச் சட்டையோடு, கையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரத்தோடு நின்றாள். அருள் நேரே நடுவில் போய் நின்று, கடுதாசியை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இஹ் பின் கெலோகன்" என்றார்.

இது பிழையான ஜேர்மன். 'இது பொய்' என்று சொல்லலாம், 'என்னைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டார்கள்' என்று சொல்லலாம். அவர் சொன்னது 'நான் பொய்யாகச் சொல்லப்பட்டவன்' என்பதுபோல வரும். ஒரு பெடியன் சிரித்தான். அருள் மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொன்னார். பிறகு தனக்கு முடிந்த ஜேர்மனில், ஒவ்வொரு வசனமாக இறக்கினார்:

"எனக்கு வேலை இல்லை. இவர் இருக்கு என்கிறார். அதனால் சாப்பாட்டுக் காசையும் நிறுத்திவிட்டார்கள். எனக்கு வாக்கும் இல்லை. என் முகம் மட்டும் இவருக்கு வாக்குக் கேட்கிறது."

வால்வுத் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த ஒரு ஜேர்மன் மனிதர் கூட்டத்தில் நின்றார். அவரும் வேலை போனவர்தான். "அவர் சொல்வது உண்மை" என்றார். மற்றவர்கள் வேட்பாளரைப் பார்த்தார்கள்.

வேட்பாளரைச் சொல்லவேண்டும். அவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. அருளின் தோளில் கை போட்டு, "அன்பான அருள் அவர்களே, உங்கள் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. திங்கட்கிழமைக்குப் பிறகு என் அலுவலகத்துக்கு வாருங்கள்" என்றார். அருளின் கையில் ஒரு பேனாவைக் கொடுத்தார். பிறகு அடுத்து நின்ற அம்மாவின் பிள்ளைக்குப் பலூன் ஊதத் தொடங்கிவிட்டார். ஊரில் எங்களைக் கெட்ட வார்த்தையால் ஏசிய, தடியால் அடித்த அரசியல் ஆட்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள்மீது கோபம் வரும். அந்தப் பலூனைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை, ஓங்காளம்.

"பப்பா, இங்க வேண்டாம்" என்றாள் மெலனி, மெல்ல. அருள் அவளைப் பார்த்தார், அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தார், திரும்பிப் போய்த் தும்புத்தடியை எடுத்தார்.

அன்று வீட்டில் மெலனி சொன்ன முதல் வசனம் இது: "பப்பா, 'பின் கெலோகன்' எண்டு சொல்ல ஏலாது. எல்லாரும் சிரிச்சினம்."

அருள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பேசினேன், அதை இங்கே எழுத ஏலாது. அவள் அழுதுகொண்டு படுக்கப் போனாள்.

செல்வம் அண்ணையும் விடவில்லை. "என்ன வேலை பாத்தவர் உவர்? வெள்ளைக்காரரிட்ட எங்கட மானத்தை வித்துப்போட்டார். இனி அவங்கள் எங்களுக்கு மண்டபம் தருவாங்களே?" நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அதன் பிறகு அந்தச் சங்கத்துக்குப் போகவில்லை.

6

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சந்தையில் அருளுக்காகப் பேசிய அந்தத் தொழிற்சாலை நண்பர், அருளுக்கு வேலை இல்லை என்று தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிக்கொண்டு அருளோடு அலுவலகத்துக்குப் போனார். இலையுதிர் காலம் முடிவதற்குள் பணம் திரும்பி வந்தது. 'தவறுதலாக' என்று ஒரு சொல் மட்டும் அதில் இருந்தது. மன்னிப்பு இல்லை. வேட்பாளர் வென்று பேர்லினுக்குப் போனார். அவருடைய அலுவலகத்துக்கு அருள் போகவில்லை. வரியைக் கூட்டும் சட்டத்துக்கு அவரும் கை தூக்கினார் என்று பேப்பரில் வாசித்தேன். அடுத்த வருசம் அருளுக்கு ஒரு துருக்கிக்காரரின் சிறிய பட்டறையில் லேத் வேலை கிடைத்தது. அதை ஒரு கட்சியும் படம் பிடிக்க வரவில்லை.

ஆனால் அந்தத் தேர்தல் ஞாயிறைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை.

காலையில் நான் வாக்குப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போகப் பின்னடித்தேன். "நீர் போய்ப் போடும். எனக்கு இல்லாததை நீரும் எறியக்கூடாது" என்றார் அருள். போனேன். வாக்குச்சீட்டு ஒரு மேசை விரிப்பு அளவு நீளம். அதில் அந்த வேட்பாளரின் பெயரையும் கண்டேன். யாருக்குப் போட்டேன் என்பது இங்கே வேண்டாம். போட்டுவிட்டுக் கையைக் கழுவத் தண்ணீர் தேடினேன்.

வாக்களிப்பு முடிகிற நேரம் அருள் சட்டை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். "எங்க?" என்றேன். "எண்ணுறதை ஆரும் பாக்கலாமாம். சட்டம். வாக்கில்லாதவனும் பாக்கலாம்" என்றார். நானும் கூடப் போனேன்.

வகுப்பறையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். கட்சிகள் அனுப்பிய உதவியாளர்கள் சுற்றி இருந்தார்கள். மெலனியும் இருந்தாள். அப்பாவைக் கண்டதும் அவள் முகம் சிவந்தது. பொறுப்பாக இருந்த ஓய்வுபெற்ற மனிதர், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். "பார்க்கிறேன்" என்றார் அருள். அந்த மனிதருக்குச் சட்டம் தெரியும், வழி விட்டார்.

அருள் சுவரோடு நின்றார். சீட்டுகளைப் பிரித்தார்கள், அடுக்கினார்கள், ஒருவர் எண்ணியதை இன்னொருவர் எண்ணினார். வேட்பாளரின் குவியல் மற்ற எல்லாவற்றையும் விட உயர்ந்துகொண்டே போனது. இடையில் மெலனி எழுந்து, பின்வரிசையிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இருங்கோ பப்பா" என்று தமிழில் சொன்னாள், எல்லோருக்கும் கேட்க. அவர் இருந்தார்.

எண்ணி முடிந்து, தொகையை வாசித்து, எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். பொறுப்பாளர் அருளிடம் வந்து, கொஞ்சம் பெருமையோடு, "எல்லாம் ஒழுங்காக நடந்தது, இல்லையா?" என்றார்.

"ஆமாம். மிகவும் ஒழுங்கு" என்றார் அருள், நல்ல ஜேர்மனில்.

மூவரும் நடந்து வீட்டுக்கு வந்தோம். மெலனி கட்சிச் சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். தொலைக்காட்சியைப் போட்டோம். இரண்டு கட்சித் தலைவர்களும், தாங்கள்தான் வென்றோம் என்று ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சில கிழமையில் இருவருடைய ஆட்களும் ஒரே மேசையில் இருந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசப்போகிறார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அருளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஊரில எண்ண முதல் கள்ளம் செய்வாங்கள். இஞ்ச வடிவா எண்ணி முடிச்சிட்டுச் செய்யிறாங்கள்."